பிளாஸ்திரி ஒட்டிய கணக்குப் பொட்டி

காலை எட்டு மணிக்கு உருளைக்கிழங்குக்கு ஜுரம் பார்க்கிறேன். கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் என் உத்தியோகம். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முப்பது கிழங்குகளின் வயிற்றில் தெர்மாமீட்டரைக் குத்தி, எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுதுகிறேன். பிறகு ஒவ்வொன்றாக மைக்ரோவேவ் என்ற பெட்டிக்குள் வைக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதற்கு நெருப்பு கிடையாது, புகை கிடையாது, ஊதுவதற்கு ஊதாங்குழலும் வேண்டாம். உள்ளே வைத்த பண்டம் மட்டும் தானாக வேகும். சரியான நேரத்தில் எடுக்காவிட்டால் கிழங்கு படீரென்று வெடித்துப் பெட்டியின் உள்சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும். ஊரில் என் அம்மா மூடியைத் திறந்து ஒரு கரண்டியால் எடுத்து நசுக்கிப் பார்ப்பாள், வெந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இங்கே மூடியும் இல்லை, நசுக்கலும் இல்லை. எதை எத்தனை நிமிஷம் வைப்பது என்று தெரியாமல் இந்த நாட்டுப் பெண்கள் திண்டாடுகிறார்கள். அந்தத் திண்டாட்டத்தைத் தீர்க்கத்தான் எங்கள் கம்பெனி உள்ளங்கையில் அடங்குகிற எலக்ட்ரானிக் கால்குலேட்டர் ஒன்று செய்கிறது. என்ன பண்டம் என்று ஒரு பொத்தானை அமுக்கி, எத்தனை பவுண்டு என்று எண்ணை அமுக்கினால், இத்தனை நிமிஷம் இத்தனை விநாடி என்று சிவப்பு எழுத்தில் காட்டும். அந்த நிமிஷமும் விநாடியும் தானாக வரவில்லை. ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில், நானும் இன்னும் நாலு பேரும் நாள் முழுக்க வேகவைத்துப் பார்த்து எழுதியவை அவை.

பண்டம் என்று பொதுவாகச் சொல்லி நழுவப் பார்த்தேன். வாசகர்கள் விடமாட்டீர்கள். கால்குலேட்டரில் பண்டத்துக்கான பொத்தான்கள் ஐந்து. எழுத்துப் படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக ஒவ்வொன்றின்மீதும் ஒரு சின்னப் படம் போட்டிருக்கும். ஒன்று உருளைக்கிழங்கு. மற்ற நான்கும் மாடு, பன்றி, கோழி, மீன். கிழங்கு வேலை திங்கட்கிழமையோடு தீர்ந்துவிடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை என்ன நடக்கிறது என்று புரிந்திருக்கும். காஞ்சிபுரத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, முட்டை ஓட்டைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போய் வளர்ந்தவன் நான். வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதுதான் என் படிப்பு. அந்தப் படிப்புக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். இரும்புக்குள் பரவுவதாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். முதல் நாள் மேஜைமேல் பன்னிரண்டு பவுண்டு வான்கோழி ஒன்று, தலையில்லாமல், என்னை வரவேற்றது.

என் மேலதிகாரி மிஸஸ் ஹாலரன் நல்ல மனுஷி. நான் வெஜிடேரியன் என்று அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றேன். டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்றார். அப்போதுதான் அவர் அதை ஏதோ நோய் என்று எடுத்துக்கொண்டது எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே இப்படித்தான் என்று விளக்கினேன். அதைக் கேட்டு அவர் இன்னும் வருத்தப்பட்டார். கடைசியில் என் தோளில் தட்டி, நீ சாப்பிட வேண்டியதில்லை, வேகவைத்தால் போதும் என்று தைரியம் சொன்னார். இருபத்தாறு வயது, கையில் வேறு வேலை கிடையாது, விசா முடிய இன்னும் எட்டு வாரம். தலையில்லாத வான்கோழியை இரண்டு கையாலும் தூக்கித் தராசில் வைத்தேன். அன்று சாயங்காலம் கையை எத்தனை முறை கழுவினேன் என்பதற்கு நோட்டில் கணக்கு இல்லை.

வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், "கணக்குப் பொட்டி செய்யும் கம்பெனியில் எஞ்ஜினியர் வேலை" என்று எழுதினேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் என் தகப்பனாரைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியில் நான் எவ்வளவு வியர்த்திருப்பேன் என்பது தெரியும். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டுதான் அவருடைய சாயப்பட்டறை. தெருவில் உள்ள தறிகளுக்குப் போகும் பட்டு நூலுக்கு நிறம் ஏற்றுவது அவர் தொழில். தீட்சை வாங்கியவர், பூஜை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கறி தொட்ட கை பூஜை மாடத்துக்கும் வரக்கூடாது, சாய அண்டாவுக்கும் வரக்கூடாது என்பது அவர் சட்டம். பூஜை சரி, அண்டாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "அண்டாவுக்கு எல்லாம் தெரியும்பா. கோவிச்சுக்கிச்சின்னா கலரு திட்டுத் திட்டாப் பூடும்" என்பார். ஆற்காட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த ஆள் ஒருவர் கிளறியதால், கிளிப்பச்சையாக வரவேண்டிய பட்டு பாசிக் குளமாக வந்தது என்று அவரிடம் அத்தாட்சியும் இருந்தது. தான் சாப்பிட்டது வெறும் குஸ்கா என்று அந்த ஆள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். நைனா மசியவில்லை, ஆளை மாற்றிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடமிருந்து போன ஐப்பசியில் கடிதம் வந்தது. தங்கை வள்ளிக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குக் கல்யாணப் புடவை நெய்ய எடுக்கும் பட்டில், முதல் நூல் சிட்டத்தை அவளுடைய அண்ணன்தான் சாயத்தில் முக்க வேண்டும். என் அத்தைக்கு நைனா முக்கினார், அவருடைய அத்தைக்கு அவருடைய அப்பா முக்கினார். என்னிடம் கல்யாணத்துக்கும் முக்குவதற்கும் சேர்த்து இரண்டு முறை வரப் பணம் இல்லை. கம்பெனியும் மூன்று வாரத்துக்கு மேல் லீவு தராது. கல்யாணத்துக்குப் போனால் புடவைக்கு இருக்க முடியாது, புடவைக்குப் போனால் கல்யாணத்துக்கு இருக்க முடியாது. வள்ளியையே கேட்டு எழுதினேன். "பந்தல்ல ஆயிரம் பேரு இருப்பாங்க, நூல முக்க நீ ஒருத்தன்தான் இருக்குற, அதுக்கு வா" என்று பதில் போட்டிருந்தாள். அதே கவரில் நைனாவின் ஒரு வரியும் இருந்தது. "வரும்போது உன் கம்பெனி கணக்குப் பொட்டி ஒன்று கொண்டு வரவும், தெருவில் சொல்லிவிட்டேன்."

தெருவில் சொல்லிவிட்டாராம். கடையில் போய்ச் சாதாரணக் கால்குலேட்டர் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பிள்ளை செய்த பொட்டி என்று அவர் கையில் வேறு எவனோ செய்த பொட்டியைக் கொடுக்க மனசு வரவில்லை. இரண்டு வருஷம் நான் பட்ட பாடு அதற்குள் இருக்கிறது. முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரி எடுத்து, மாடு, பன்றி, கோழி, மீன் நான்கின்மீதும் அளவாக வெட்டி ஒட்டினேன். உருளைக்கிழங்கை மட்டும் திறந்து வைத்தேன். மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். உருளைக்கிழங்கு எத்தனை நேரத்தில் வேகும் என்று சொல்கிற மெஷின் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, சார் வூட்டுல யாராவது வந்திருக்காங்களா என்று பரிவாக விசாரித்து அனுப்பிவிட்டார்.

பொட்டியைப் பார்க்க எதிர்வீட்டு ஜரிகை வியாபாரி நாயுடு வந்தார். நைனா அதைப் பட்டுத் துணிமேல் வைத்து நடுக்கூடத்தில் உட்கார்த்தியிருந்தார். "ரெண்டும் ரெண்டும் எத்தினின்னு போடுப்பா, நாயுடுகாரு பாக்கட்டும்" என்றார். கூட்டல் போட அதில் பொத்தானே கிடையாது. வேறு வழியில்லாமல் கிழங்கை அமுக்கி இரண்டை அமுக்கினேன். பதினாலு நிமிஷம் என்று காட்டியது. நாயுடு பொட்டியையும் என்னையும் பார்த்தார். "ஏமண்டி, ரெண்டும் ரெண்டும் அங்க பதினாலா? அதான் அவங்க ராக்கெட்டு உடுறாங்க" என்றார். அப்புறம் வேறு வழியில்லை, கிழங்கு வேகும் கணக்கு என்று உண்மையைச் சொன்னேன். "கெழங்கு வேக வெக்கவா எஞ்ஜினியரு?" என்று நைனாவின் முகம் சுருங்கியது. எனக்குத் தாங்கவில்லை. இது இன்னும் முடியவில்லை, பிளாஸ்திரி ஒட்டியிருப்பதெல்லாம் வேறு வேறு பொருளுக்கு வரப் போகிறது என்று அளந்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பட்டுக்கும் ஒண்ணு போட்டுடு" என்றார்.

சாயம் போடும் நாள் வந்தது. விடிந்ததும் குளித்து, பட்டினியாக, ஈர வேட்டியோடு பட்டறைக்குள் நின்றேன். இரண்டு அண்டாக்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர் கொதித்தது. பட்டு நூலில் இருக்கும் பசையை முதலில் அதில் வேகவைத்து எடுத்துவிட வேண்டும். மற்றதில் அரக்குச் சாயம் வெதுவெதுப்பாகக் காத்திருந்தது. பசை போன முதல் சிட்டம் அதில் என் கையால் இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுப்பைத் தூண்டிக் கொதி ஏற்றுவார்கள். நைனா நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு கையில் குச்சியும் இன்னொரு கையில் கணக்குப் பொட்டியுமாக வந்தார். இத்தனை காலம் நூலை நகத்தால் நெருடி, கீச்சென்ற சத்தத்தைக் கேட்டுப் பதம் சொன்ன மனுஷர், மகன் பொட்டி செய்திருக்கிறானே என்பதற்காக அன்றைக்கு அதைக் கேட்டுப் பார்க்கப் போகிறார். அந்த மரியாதை என்னைக் கொன்றது. வேண்டாம் நைனா என்று வாயெடுப்பதற்குள் அவர் அதைக் கொதிக்கும் அண்டாவுக்கு மேலே, ஆவிக்குள் நீட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

அமெரிக்கப் பிளாஸ்திரி காஞ்சிபுரத்து ஆவிக்கு இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டன. கடைசிப் பிளாஸ்திரி நைனாவின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் கீழே மாடு நின்றது. நைனா கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

பக்கத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு நின்ற வள்ளி எட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நந்தி, நைனா" என்றாள்.

"நந்தி செரி. கோழி?"

"முருகன் கொடியில இருக்குதே, அது."

"மீனு?"

"மச்சாவதாரம்."

"பன்னி?"

"வராகம், நைனா."

நைனா அவளை நிமிர்ந்து பார்த்தார். "நம்ப வூட்டுல பெருமாள் எப்பமா வந்தாரு? அவரு சின்ன காஞ்சிபுரத்துல இல்ல இருக்குறாரு?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். வான்கோழியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. எத்தினி நாளா என்று கேட்டார். ரெண்டு வருசமா என்றேன். "துன்னியா?" "இல்ல நைனா." "மோந்தியா?" "மூக்கு இருக்குதே நைனா." வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்டாவைத் தொடாதே என்று அவர் சொல்லப் போகிறார், கடல் தாண்டி வந்தது இந்த ஒரு முக்குக்குத்தான், அதுவும் போயிற்று என்று நினைத்தேன். முப்பது பேர் முன்னால் பரீட்சையில் தோற்றபோதுகூட வராத அழுகை அப்போது வந்துவிட்டது. ஈர வேட்டியின் நுனியால் துடைத்துக்கொண்டேன்.

நைனா அண்டா பக்கம் திரும்பினார். குச்சியால் ஒரு சிட்டத்தைத் தூக்கி, நகத்தால் நெருடினார். கீச்சென்றது. பதம் வந்துவிட்டது. அதைப் பிழிந்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார். "இந்த நூலு எப்டி வருது? கூட்ட வெந்நீர்ல போட்டு, உள்ள இருக்குற பூச்சியச் சாவ வுட்டுட்டுத்தான் இழுக்குறான். ஒரு பொடவைக்கு எத்தினி ஆயிரம் பூச்சியோ. அந்த வேல வேற ஊர்ல நடக்குது, எங்கிட்ட வரும்போது வெள்ளையா வருது. அத சாமிக்கே சாத்துறோம். நானும் அது மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டி வெச்சிக்கினுதான் இருக்குறேன்." பிறகு, தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்பது போலக் கேட்டார். "கறிய எந்தக் கையில எடுப்ப?"

"ரெண்டு கையாலயும் நைனா."

"இனிமே எடது கையில எடு. வலது கை நம்பளுது."

அவ்வளவுதான் தீர்ப்பு. வலது கையில் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டு, சிட்டத்தைக் கொடுத்தார். மணிக்கட்டு வரை முக்கினேன். வள்ளி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணப் புடவை திட்டுத் திட்டாக வந்தால் அந்தக் குஸ்கா ஆளைப் போல நானும் காலமெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். மறுநாள் நிழலில் காய்ந்த நூலை நைனா சிட்டம் சிட்டமாக விரித்துப் பார்த்தார். ஒரு திட்டு இல்லை. "அண்டாவுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். பொட்டியை அவரே வைத்துக்கொண்டார். நான்கு மிருகங்களுக்கும் புதுப் பிளாஸ்திரி ஒட்டி, கிழங்குக்கும் சேர்த்து ஒன்று ஒட்டிவிட்டார். அது ஒன்று மட்டும் திறந்திருந்தால் நாயுடுவுக்குச் சந்தேகம் வருமாம்.

ஒஹையோவுக்குத் திரும்பினால், பனி முழங்கால் வரைக்கும், என் வலது கை மணிக்கட்டு வரைக்கும் அரக்கு. மிஸஸ் ஹாலரன் அதைப் பார்த்ததும் அலறி, வெந்துபோயிற்றா என்றார். இல்லை, கல்யாணம் என்றேன். அவசரத்தில் அப்படித்தான் வாயில் வந்தது. உங்கள் ஊரில் மாப்பிள்ளை கையை இப்படியா செய்வார்கள் என்று பதறிக் கம்பெனி நர்ஸிடம் அனுப்பினார். நர்ஸ் ஸ்பிரிட் வைத்துத் தேய்த்தாள். பாலாற்றுத் தண்ணீரில் ஏறிய சாயம் ஒஹையோ ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை. இரண்டு வாரம் வலது கையால் கனமானது எதையும் தூக்கக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். நைனா சொன்னதை அமெரிக்க அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தது போல இருந்தது. சீட்டின் தவணை முடிந்தது, சாயமும் மெல்லப் போய்விட்டது. நான் மட்டும் இடது கைக்காரனாகவே இருந்துவிட்டேன். பன்னிரண்டு பவுண்டு வான்கோழியை ஒற்றைக் கையால், அதுவும் சோற்றுக்கை அல்லாத கையால் தூக்கிப் பார்த்தால்தான் அந்தத் தீர்ப்பு எவ்வளவு கனம் என்று தெரியும். ஒருமுறை அது வழுக்கி, மேஜைக்கடியில் உருண்டு, நாங்கள் ஐந்து பேரும் தவழ்ந்து தேடினோம்.

வள்ளிக்குக் காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். அங்கே ஆறு மணி என்றால் இங்கே முந்தின நாள் சாயங்காலம் ஏழரை. அறையில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல், அன்று சாயங்கால முறைக்கு வேலை கேட்டு வாங்கினேன். கடிகாரம் ஏழரையைத் தொட்டபோது இடது கையில் வான்கோழியைக் கால் பிடித்துத் தூக்கியிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் பரிசோதனைக்கு வந்த அரிசி ஜாடி ஒன்று திறந்திருந்தது. வலது கை என்னைக் கேட்காமலே அதற்குள் போயிற்று. மஞ்சள் இல்லாத வெறும் அரிசி. கிழக்கு எந்தப் பக்கம் என்று யோசித்து, ஜன்னலைப் பார்த்து வீசினேன். பாதி தரையில் விழுந்தது, பாதி ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்த வான்கோழிமேல் ஒட்டிக்கொண்டது.

வாசலில் மிஸஸ் ஹாலரன் நின்றிருந்தார். என்ன பரிசோதனை என்று கேட்பார், நானும் எதையாவது உளறுவேன் என்று தயாரானேன். அவர் தரையில் கிடந்த அரிசியையும் என் முகத்தையும் பார்த்தார். அவர்கள் ஊரிலும் மணப்பெண்மேல் அரிசிதான் போடுவார்களாம், அது எனக்கு அன்றுவரை தெரியாது.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"தங்கைக்கு."

"எப்போது?"

"நாளைக் காலையில்" என்றேன். "இப்போது."

அவர் உள்ளே வந்து ஜாடிக்குள் கைவிட்டு, ஒரு பிடி அரிசியை எடுத்து, நான் வீசிய ஜன்னலைப் பார்த்தே வீசினார். வான்கோழி என் இடது கையில் கனத்துக்கொண்டே இருந்தது.